மூத்தாள் கல்

மஞ்சள் துணியை அவிழ்த்து உதறினாள் சந்தனம்மாள். வெள்ளிக் கூடு மட்டும் கீழே விழுந்தது. கல்லைக் காணோம்.

இன்னொரு தடவை உதறினாள். பழைய துணி, நடுவில் கிழிந்ததுதான் மிச்சம்.

பெட்டியையே கவிழ்த்தாள். மூத்தாளின் கத்தரிப்பூச் சேலை விழுந்தது. கண்ணாடி வளையல்கள் விழுந்தன. காய்ந்த தாழம்பூ மடல் ஒன்று விழுந்தது. கல் விழவில்லை.

"அடியே ராஜாத்தி!"

"என்னாத்தா?"

"இங்கன வா. பொய் சொல்லக் கூடாது. இந்தப் பெட்டியத் தெறந்தயா?"

"மூடி கனமால்ல இருக்கு, நான் எப்பிடித் தெறப்பேன்?"

"கல்லம்மாவ எடுத்து வெளையாண்டயா?"

"எடுத்தா கல்லம்மா கோவிச்சுக்கிரும்னு நீதான சொன்ன?"

"கோவிச்சா கோவிச்சுக்கிரட்டும். எடுத்தயா, இல்லையா?"

"இல்ல." ஆறு வயதுப் பிள்ளை கவிழ்ந்த பெட்டியையும் சின்னாத்தாளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. "கல்லம்மா காணாமப் போயிருச்சா?"

"இல்லடி, தூங்குது. நீ போயி வெளையாடு."

அதுதான் முதல் பொய்.

கல்லம்மா என்று பிள்ளை சொல்வது அவளைப் பெற்றவளை, அவள் விட்டுப்போன கல்லையும் சேர்த்து. சந்தனம்மாள் கர்ணனுக்கு இரண்டாந்தாரம். மூத்தவள் சங்கிலியம்மாள், பிள்ளை தவழும்போதே காய்ச்சலில் போய்விட்டாள். அவள் கழுத்தில் கிடந்தது ஒரு நத்தைக்கல். நத்தை மாதிரி செதுக்கிய கல் இல்லை, நத்தையே எந்தக் காலத்திலோ கல்லாகிப் போனது. அவளுடைய தகப்பன் அரியலூர்ப் பக்கம் பாரவண்டி ஓட்டிப் போனபோது ஓடைக்குள் பொறுக்கி வந்தது. 'அங்கன ஒரு காலத்துல கடல் கெடந்துச்சாம்' என்று சொல்லி மகள் கையில் கொடுத்தாராம். உத்தமபாளையத்து ஆசாரி அதற்கு வெள்ளியில் கூடு கட்டி, கல்லைக் கவ்விப் பிடிக்கச் சுற்றிலும் பல் வைத்துக் கொடுத்தார்.

கர்ணன் வீட்டு வழக்கப்படி, இரண்டாவதாக வந்தவள் மூத்தவளின் நகை ஒன்றை வருடம் ஒரு நாள் கழுத்தில் போட்டுக்கொண்டு, தன் கையால் சமைத்து அவளுக்குப் படைக்க வேண்டும். மூத்தவள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவதாக ஐதீகம்.

இதில் ஒரு முடிச்சு இருந்தது. அதைப் போட்டவள் வடுகபட்டியில் இருக்கும் பிச்சையம்மாள், சங்கிலியம்மாளின் கூடப் பிறந்த அக்காள். பூண்டு வியாபாரம். புருசன் இல்லை, பிள்ளை இல்லை, பயம் என்பதும் இல்லை. கர்ணனின் இரண்டாவது கல்யாணத்தன்று, தாலி ஏறிய கையோடு, ஊர் கூடிய பந்தலில் எழுந்து நின்று சொன்னாள்:

"எந் தங்கச்சி கல்லு வருசா வருசம் இவ கழுத்துல ஏறணும். என்னைக்கு ஏறலயோ, அன்னைக்கு எந் தங்கச்சி இந்த வீட்ட விட்டுப் போயிட்டான்னு அர்த்தம். அவ இல்லாத வீட்ல அவ பிள்ளைக்கு என்ன வேல? நான் கூட்டிட்டுப் போயிருவேன். சம்மதமா தம்பி?"

கர்ணன் பந்தியைக் கவனிக்கிற அவசரத்தில், "சம்மதம் மதினி" என்று சொல்லிவிட்டான். சுருளிப்பட்டி முழுக்கச் சாட்சி.

அதிலிருந்து பங்குனிப் படையலுக்குப் பிச்சையம்மாள் தவறாமல் வந்துவிடுவாள். பார்ப்பாள், அழுவாள், சாப்பிடுவாள். தங்கச்சி நகையைக் கழற்றுவதற்கு அடுத்தவர் கையை நம்பமாட்டாள். தானே கழற்றி, கண்ணில் ஒற்றி, துணியில் முடிந்து, பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

இந்த வருடப் படையலுக்கு ஒரு வாரம்கூட இல்லை. வெள்ளியைத் துடைத்து வைக்கலாம் என்று பெட்டியைத் திறந்தால், இப்படி.

ராஜாத்தி நடை பழகியது சந்தனம்மாளின் விரலைப் பிடித்து. பல் விழுந்தால் ஓடி வந்து கொடுப்பது அவள் கையில். பிள்ளை விளையாட்டுக்கு எடுத்துத் தொலைத்திருக்கும், பயத்தில் மறைக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். கர்ணனிடம் சொன்னால் பிள்ளை முதுகு பழுத்துவிடும். வடுகபட்டிக்குத் தெரிந்தால் பிள்ளையே போய்விடும்.

கண்மாய்க் களிமண்ணைப் பிசைந்து, நத்தை மாதிரி சுருட்டி, கூட்டுக்குள் வைத்துச் சுவர்மேல் காயப் போட்டாள். நன்றாகத்தான் வந்தது. அவள் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் கோழி அதைக் கொத்தி விழுங்கிவிட்டது. கோழிக்கே நத்தை என்று தோன்றியதில் கொஞ்சம் திருப்தி.

வெறும் கூட்டைக் கையில் பொத்திக்கொண்டு நிற்கும்போது கர்ணன் வந்துவிட்டான்.

"கையில என்னடி?"

"மூத்தாள் கல்லு. வெள்ளி கறுத்துப் போச்சு. உத்தமபாளையம் போயி மெருகு போட்டுட்டு வந்துர்றேன்."

"புளிய வச்சுத் தேச்சாப் போகாதா?"

"புளி பட்டா கல்லு கறுத்துரும்."

"கல்லே கறுப்புத்தான?"

"இன்னும் கறுத்துரும்."

கர்ணன் யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் அவள் கம்பம் போகிற வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

உத்தமபாளையத்து ஆசாரி வெள்ளிக் கூட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் செஞ்சதுதான் தாயி. பூட்டு வெலகுனாலும் வெலகும், நான் வச்ச பல்லு வெலகாது. இதப் பாரு, ரெண்டு பல்லு நெட்டுக்குத்தா நிக்குது. ஊசிய விட்டு நெம்புன மாதிரில்ல இருக்கு."

"சின்னப்பிள்ள வேலையா இருக்கும்."

"சின்னப்பிள்ளைக்கு இம்புட்டு வலு ஏது?"

"எங்க வீட்ல கம்பஞ்சோறுதான் ஆசாரியாரே. வேற நத்தைக்கல்லு இருக்கா, அதச் சொல்லுங்க."

ஆசாரி பெட்டியைத் திறந்தார். காங்கேயத்துக் கல் இருந்தது, படிகம் இருந்தது, தேன் நிறத்தில் ஒன்று, பூனைக்கண் மாதிரி ஒன்று. நத்தை இல்லை.

"நத்தைய எவன் தாயி கல்லுன்னு விப்பான்? இரு, மாக்கல்லுல செதுக்கித் தாறேன்."

உட்கார்ந்து செதுக்கினார். மத்தியானம் வரைக்கும் செதுக்கினார். ஊதித் துடைத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"என்னங்க இது, முறுக்கு மாதிரி இருக்கு?"

"நத்தைதான். கொஞ்சம் வெந்துருச்சு."

"எங்க அக்கா வடுகபட்டி. பூண்ட மோந்து பாத்தே எந்தக் காட்டுல வெளஞ்சதுன்னு சொல்லிருவாக. இத வச்சு ஏமாத்த முடியுமா?"

ஆசாரி கொல்லைப் பக்கம் பார்த்தார். பூவரச மரம் நின்றது. எழுந்து போய் மரப்பட்டையிலிருந்து எதையோ பெயர்த்துக்கொண்டு வந்தார்.

"கல்லாப் போன நத்தைக்கு நான் எங்க போவேன்? கல்லாப் போகாத நத்தை இருக்கு. அளவு பாரு, அச்சு அசல்."

"அய்யய்யோ, உசுரோடயா?"

"உசுராவது! தையிலருந்து இதே எடத்துல ஒட்டிக் கெடக்கு. வாயப் பாரு, சுண்ணாம்பு வச்சு அடைச்ச மாதிரி. செத்து எம்புட்டு நாளாச்சோ." சுத்தியல் காம்பால் தட்டிக் காட்டினார். "கல்லுச் சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

"இப்பிடியே விட்டா இதுவும் ஒரு நாளைக்குக் கல்லாத்தான் போகும். நாம கொஞ்சம் முந்திக்கிட்டோம், அம்புட்டுத்தான்."

அரக்கு வைத்தால் சூட்டில் ஓடு வெடிக்கும் என்று, பல்லை மட்டும் பதமாக மடக்கிக் கவ்வவிட்டார். விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து ஓட்டுக்கு மேல் பூசினார். தள்ளி வைத்துப் பார்த்தால், கறுப்பாக, சுருள் சுருளாக, சங்கிலியம்மாளின் கல்லேதான்.

"ஆசாரியாரே, வெளிய சொல்லிராதீக."

"எம் பட்டறைக்குள்ள வந்த சேதி புகைப்போக்கி வழியாக்கூட வெளிய போகாது. போ தாயி."

திரும்பி வரும் வண்டியில் அவள் முந்தானைக்குள் நகையைப் பிடித்தபடியே வந்தாள். மேற்கே மலை நீலமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"மூத்தவளே," என்றாள் மெதுவாக. "ஒன்னய நான் பாத்ததில்ல. ஒஞ் சேலைய வருசா வருசம் வெயில்ல காயப் போட்டு மடிக்கிறேன். நீ குட்டையா நெட்டையான்னுகூட எனக்கு அதவச்சுத்தான் தெரியும். ஒம் மக சிரிக்கும்போது கன்னத்துல குழி விழுகுது. அவுக அப்பாவுக்குக் குழி இல்ல, அப்ப அது ஒன்னோடதுதான். பிள்ள எங்கிட்ட இருக்கணும்னுதான் இந்தக் களவாணித்தனம். ஒனக்குப் பிடிக்கலன்னா என்னய மட்டும் ஏதாவது பண்ணு."

நகையை இன்னும் உள்ளே தள்ளிப் பொத்திக்கொண்டாள்.

வீட்டில் கர்ணன் யோசித்து முடித்திருந்தான்.

"சந்தனம், ஒரு விசயம். ஆசாரி பட்டறையின்னா செத்தவுக நகையெல்லாம் வந்து கெடக்குற எடம். அங்கன போயி வந்தத அப்பிடியே கழுத்துல ஏத்தலாமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"தீட்டுக் கழிக்கணும். பெரியாளுககிட்டக் கேட்டுட்டேன். ஒரு செம்புப் பால ஊத்திக் கழுவணும்னாக."

"பாலா! இத்தன வருசம் ஊத்துனமா?"

"இத்தன வருசம் பட்டறைக்குப் போச்சா?"

சந்தனம்மாளுக்கு எண்ணெய்க் கரியைத் தவிர வேறு கவலை தோன்றவில்லை. பால் பட்டால் சாயம் போகுமோ என்றுதான் பயந்தாள்.

படையல் அன்று பிச்சையம்மாள் கம்பம் வரைக்கும் பஸ்ஸில் வந்தாள். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிய நேரம். ஏறும்போது எந்த நிறத்தில் ஏறினாலும் எல்லாரும் ஒரே நிறத்தில்தான் இறங்குவார்கள். கம்பத்திலிருந்து ஒச்சாண்டியின் வாடகை வண்டி. வண்டி வாசலில் வந்து நின்றதும் பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏலே ஒச்சாண்டி, வைக்கோலு மேல பஞ்சு மெத்தயெல்லாம் விரிச்சிருக்க? யாரு படுக்க?"

"மதினிதான் விரிக்கச் சொன்னாக. திரும்பும்போது சின்னப்பிள்ள வருமாம், வெயிலு படாம கூண்டு கட்டுன்னாக. எந்தப் பிள்ளையின்னு கேட்டேன், ஓட்டுற வேலயப் பாருன்னுட்டாக."

உள்ளே நின்ற சந்தனம்மாளின் காதிலும் அது விழுந்தது. கல் போனது அதற்குள் வடுகபட்டிக்கு எப்படித் தெரிந்தது? ஆசாரியின் புகைப்போக்கியை மனதுக்குள் சபித்தாள்.

"வாங்கக்கா. தண்ணி குடிங்க."

"தண்ணி கெடக்கட்டும். கல்லக் காட்டு."

"மொகம் கழுவிட்டு..."

"மொகம் எங்கயும் ஓடிராது. கல்லு எங்க?"

சந்தனம்மாள் பித்தளைத் தட்டை எடுத்து வந்து முன்னால் நீட்டினாள். பிச்சையம்மாள் பாதிச் சிரிப்போடு குனிந்தாள். சிரிப்பு அங்கேயே நின்றது.

"இது என்ன?"

"மூத்தாள் கல்லுக்கா."

"இதுவா?"

"ஆமாக்கா."

"நல்லாப் பாத்துச் சொல்லு. இந்தக் கல்லுதானா?"

"ஏங்கக்கா, வேற மாதிரியா தெரியுது?" சந்தனம்மாள் தட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள்.

படையலுக்கு வந்த பெண்கள் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பிச்சையம்மாள் வாயைத் திறந்தாள். அவள் கை இடுப்புச் சுருக்குப் பையை இறுகப் பிடித்தது. வாயை மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள்.

"இல்ல... வெளுத்த மாதிரி இருக்கு."

"மெருகு மதினி, மெருகு!" என்றான் கர்ணன். "ஆசாரி வேல! தீட்டுக் கழிக்கப் பாலு வச்சிருக்கேன்."

"பாலா? கொண்டா. நான் ஊத்துறேன்."

ஊற்றினாள். சும்மா ஊற்றவில்லை. பெருவிரலால் தேய்த்துத் தேய்த்து ஊற்றினாள். தட்டில் பால் சாம்பல் நிறமாக மாறியது.

"பாலு ஏன் கறுக்குது?"

"பட்டறை அழுக்கா இருக்கும்" என்றாள் சந்தனம்மாள்.

"அழுக்கு போகணும்ல? இன்னொரு செம்பு கொண்டா தம்பி."

இரண்டாவது செம்பும் காலியானது. ஆமணக்கெண்ணெய் அதற்குமேல் விட்டுக்கொடுக்கவில்லை. பிச்சையம்மாள் வேறு வழியில்லாமல் நகையைக் கயிற்றில் கோத்து, சந்தனம்மாளின் கழுத்தில் கட்டினாள். கட்டும்போது அவள் கை நடுங்கியதைப் பார்த்து, "தங்கச்சி நெனப்பு" என்று கருத்தம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

இலை போட்டார்கள். கம்பஞ்சோறு, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, எல்லாம் சங்கிலியம்மாளுக்குப் பிடித்தது. சந்தனம்மாள் இலைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

நெஞ்சுக்குழியில் ஏதோ ஜில்லென்றது. பால் சொட்டு வடிகிறது என்று நினைத்தாள்.

சொட்டு மேலே ஏறியது.

கண்ணைத் திறந்தாள். அசையவில்லை. அசைய முடியவில்லை. அந்த ஈரம், அவசரமே இல்லாமல், வெள்ளியையும் இழுத்துக்கொண்டு தோள்பட்டையைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது.

"ஆத்தா," என்றாள் ராஜாத்தி. "கல்லம்மா நடக்குது."

எல்லாரும் பார்த்தார்கள். கறுப்புக் கல்லுக்குள்ளிருந்து இரண்டு கொம்பு நீண்டு, ஒன்று கர்ணனையும் ஒன்று கருவாட்டுக் குழம்பையும் பார்த்தது.

"சங்கிலி வந்துட்டாடி!"

குலவை கிளம்பியது. கர்ணன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான், விழுந்த வேகத்தில் கீரைச் சட்டி உருண்டது. தெருவில் போனவர்கள் உள்ளே வந்தார்கள். உள்ளே இருந்த ஒருத்தி தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆடத் தொடங்கினாள். கருத்தம்மாள் மட்டும் கை கட்டி முன்னால் வந்தாள்.

"சங்கிலி, கோவிச்சுக்காத தாயி. எங்கிட்ட எரவல் வாங்குன ஒலக்கைய எங்கன வச்ச? இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எல்லாரும் செத்த சும்மா இருங்க!"

பிச்சையம்மாளின் சத்தம். வீடு அடங்கியது.

அவள் முழங்காலிட்டுச் சந்தனம்மாளின் கழுத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள். நத்தையைப் பார்த்தாள். நத்தையும் அவளைப் பார்த்தது. பிறகு சந்தனம்மாளின் முகத்தைப் பார்த்தாள். வேர்வையும் கண்ணீரும் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.

"அக்கா," என்றாள் சந்தனம்மாள். "என்னால முடியல. நான் ஒண்ணு சொல்லிர்றேன்..."

"நீ வாயத் தெறக்காத."

"இல்லக்கா, இது வந்து..."

"தெறக்காதேன்னு சொன்னேன்ல!"

பிச்சையம்மாள் திரும்பி, கொண்டுவந்திருந்த துணிப்பையிலிருந்து ஒரு சிவப்புப் பாவாடையை எடுத்தாள். ஜரிகை வைத்தது. புதுத்துணி மொடமொடப்பு எல்லாருக்கும் கேட்டது.

"ராஜாத்தி, பெரியம்மாகிட்ட வாடா. ஒனக்குத்தான் இது. அங்கன நிக்காத, பயமா இருக்கும். வா."

பிள்ளை பாவாடையைப் பார்த்தது. ஆசையாகத்தான் பார்த்தது. ஆனால் சந்தனம்மாளின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவள் விலாவோடு ஒட்டிக்கொண்டது.

"எனக்குப் பயமில்ல பெரியம்மா. ஆத்தாவுக்குத்தான் பயமா இருக்கு. கை எப்பிடி நடுங்குது பாருங்க. நான் விட்டா விழுந்துரும்."

பிச்சையம்மாள் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. நத்தை மட்டும் ஒரு விரல் அளவு நகர்ந்தது.

பிறகு அவள் பாவாடையை மடியில் வைத்து, மெதுவாக நான்காக மடித்தாள்.

"சங்கிலி சொல்லிட்டா" என்றாள்.

"என்ன சொன்னாக மதினி?" கர்ணன் தரையில் படுத்தபடியே கேட்டான்.

"பிள்ள இங்கனயே இருக்கட்டும்னு."

"எங்க காதுல ஒண்ணும் விழுகலயே?" என்றாள் கருத்தம்மாள்.

"ஒங்க காதுக்கா சொன்னா? எனக்குச் சொன்னா. இந்தக் கல்லு ஏறுனாலும் ஏறாட்டியும் பிள்ள இவகிட்டத்தான். யாரும் கேக்கக் கூடாது, நானும் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா. ஊருக்கே சேத்துச் சொல்றேன், கேட்டுக்கங்க."

மறுபடி குலவை. அந்தச் சத்தத்துக்குள் பிச்சையம்மாள் கயிற்றை அவிழ்த்தாள். வேறு யாரையும் தொடவிடவில்லை. நத்தையைத் தோளிலிருந்து பூப் பறிக்கிற மாதிரி எடுத்து, ஒரு கீரைத் தழையையும் கூட வைத்து, பெட்டிக்குள் இறக்கினாள். மூடியை முழுக்கச் சாத்தாமல் இடையில் ஒரு குச்சியைச் செருகினாள்.

"மூடலயா மதினி?"

"காத்துப் போகட்டும் தம்பி. நடந்த களைப்பு."

பிறகு உட்கார்ந்து சாப்பிட்டாள். குழம்பு இரண்டு தரம் வாங்கினாள். கிளம்பும்போது பாவாடையை ராஜாத்தியின் இடுப்பில் தானே கட்டிவிட்டாள். சந்தனம்மாள் காலில் விழுந்தாள். தூக்கிவிடும்போது பிச்சையம்மாள் எதையோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லாமல் போய் வண்டியில் ஏறினாள். கூண்டு கட்டிய வண்டிக்குள் மெத்தை சும்மா கிடந்தது. அவள் அதன்மேல் உட்காரவில்லை, ஓரமாக வைக்கோலில் உட்கார்ந்துகொண்டாள்.

பொழுது சாய்கிற வரைக்கும் வாசலில் கூட்டம் குறையவில்லை. சுருளி அருவிக்குக் குளிக்கப் போனவர்கள் ஈரத் துணியோடு வந்து நின்றார்கள். கர்ணன் கை, கால் எல்லாம் ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

"அடுத்த பங்குனிக்குப் பந்தல் போடுறோம். மேளம் சொல்லிட்டேன். போடி, பெரியகுளம், சின்னமனூர், எல்லா ஊருக்கும் ஆள விடப் போறேன். மூத்தாளு எல்லாரும் பாக்க நடக்கணும்!"

சந்தனம்மாள் பெட்டிக்குப் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை தங்கிவிட்டது. அந்தச் சந்தோசத்தைக்கூட முழுசாக அனுபவிக்க முடியவில்லை. ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று என்று போய், இப்போது போடி வரைக்கும் மேளம் வைத்துவிட்டது. நல்ல மனுசி, தங்கச்சியே வந்து பேசியதாக நம்பிப் போகிறாள். வெறும் வண்டியில் போகிறாள். அவளைப் போய் ஏமாற்றிவிட்டோமே என்பதுதான் எல்லாவற்றையும்விட உறுத்தியது. நாளைக்கே வடுகபட்டிக்குப் போய்க் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடலாமா? பெட்டிக்குள் மூத்தாள் கீரை தின்கிற சத்தம் லேசாகக் கேட்டது.

வாசலில் வண்டி மணி. ஒச்சாண்டி கொல்லைப்புறமாகச் சுற்றி வந்து, ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு துணி முடிச்சை அவள் கையில் வைத்தான். சின்ன முடிச்சுதான், நல்ல கனம்.

"என்ன ஒச்சாண்டி இது?"

"எனக்கு ஒண்ணும் வெளங்கல தாயி. பஸ் ஏறுறப்ப மதினி சுருக்குப் பைய அவுத்து இதக் குடுத்தாக. 'போன வருசத்துலருந்து எம் மடியில கனத்துக்கிட்டுக் கெடக்கு, இனிமே இந்தக் கல்லையே போடச் சொல்லு. அந்த நத்தை பாவம், அதுக்கும் பிள்ள குட்டி இருக்கும், வாழைக்குள்ள விட்டுறச் சொல்லு'ன்னாக."